கூடாரத்தில் குடியிருந்த கேம்பிரிட்ஜ்காரர்

கடவுள் விரும்புகிற எளிமை, தாழ்மை என்று பேச்சு வந்தால் நமக்கு உடனே அசிசி பிரான்சிஸ், அன்னை தெரசா ஞாபகம்தான் வரும். நம்ம ஊர்ப்பக்கமே ஒருத்தர் இப்படி வாழ்ந்து பார்த்திருக்கிறார். பெயர் தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி எல்லாம் அப்போது திருநெல்வேலி ஜில்லாவின் வடக்குப் பகுதி. (விருதுநகர் மாவட்டம் வந்தது 1985-இல்தானே!)

ராக்லாந்து 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1841-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காவது ராங்லர். அதாவது பல்கலைக்கழகத்திலேயே கணக்கில் நான்காம் இடம். நான் கணக்கில் பார்டர் மார்க் எடுக்கிறவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் மரியாதையோடு நிறுத்திக்கொள்கிறேன். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோ பதவியும் கிடைத்தது. வாழ்நாள் முழுக்க சௌகரியமாக அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் சி.எம்.எஸ். மிஷனில் சேர்ந்து 1845-இன் கடைசியில் கப்பல் ஏறி, மதராசில் மிஷனின் செயலாளர் ஆனார்.

அந்த வேலையாகத் திருநெல்வேலிக்கு வந்தபோதுதான் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. தெற்கே நிறைய சபைகள், பள்ளிகள், மிஷன் பங்களாக்கள். அங்கே மிஷனரி என்றால் கிட்டத்தட்ட ஊர்ப்பெரியவர் மாதிரி. வழக்கு, நிலத்தகராறு எல்லாம் அவர் வாசலுக்கு வரும். வடக்கே அப்படி எதுவும் கிடையாது. அங்கே பங்களா கட்டி உட்கார்ந்து ஜனங்களை வரச்சொல்வதைவிட நாமே அவர்களிடம் போகவேண்டும் என்பது ராக்லாந்தின் முடிவு. 1854-இல் டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ்காரர்களோடு வேலையைத் தொடங்கினார். கூடாரம்தான் வீடு. ஒரு இடத்தில் அடித்து, சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்வந்து, பிறகு பிரித்துக்கொண்டு அடுத்த இடம். நம்ம சித்திரை வெயிலில் துணிக்கூடாரத்துக்குள் இருப்பதை யோசித்துப் பாருங்கள். அதுவும் ஏற்கெனவே நுரையீரல் நோய் கண்டு, இங்கிலாந்து போய்த் திரும்பி வந்த மனிதர்!

இதை முழு வறுமை என்று நான் சொல்ல மாட்டேன். கூடாரம் என்றாலும் அது வெள்ளைக்காரர் கூடாரம்தான். குடிசையில் கூழ் குடித்த சம்சாரிக்கு அவர் பணக்காரராகத்தான் தெரிந்திருப்பார். ஆனால் தன்னால் எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்தே இருக்கும் என்று யோவான் சுவிசேஷத்தில் இயேசு சொல்வாரே, மிஷன் வேலை பலன் தருவதற்கு அதுதான் நிச்சயமான வழி என்று அவர் நம்பினார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு கூட்டம். தெற்குச் சபைகளில் இருந்து தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து ஒரு மாதம் வந்து இவர்களோடு ஊர் ஊராகப் போனார்கள். அந்தச் செலவை ஏற்றது மிஷன் இல்லை, தெற்கே இருந்த கிறிஸ்தவர்களே. பெரும்பாலும் பனையை நம்பிப் பிழைத்த ஜனங்கள், தாங்கள் பார்த்தே இராத ஊர்களுக்காகக் காசு கொடுத்திருக்கிறார்கள். ராக்லாந்து ஒரு உயர்ந்த இடத்தை விட்டு இறங்கி வந்தார், அதனால் அவர் எளிமை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இவர்களுக்கு விட்டு இறங்க எந்த உயரமும் இல்லை. அதனால்தானோ என்னவோ ராக்லாந்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, இவர்களில் பலருடைய பெயர்கூட நமக்கு வரவில்லை. பெயர் தெரிந்தவர்களில் முக்கியமானவர் சத்தியநாதன். பாளையங்கோட்டைப் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்தவரானவர், இந்த வடக்கு மிஷனில் உழைத்து, பின்னாளில் சென்னையில் பெயர்பெற்ற போதகரானார்.

பலன்? ராக்லாந்து இருந்த காலத்தில் ரொம்பக் குறைவு. நாலே வருஷம்தான். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் திடீரென்று நுரையீரலில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். வயது 43. பத்து நாள் கழித்து, நவம்பர் 1-ஆம் தேதி, கம்பெனி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி என்று ஊர் ஊராக அறிக்கை வாசித்தார்கள். ஃபென்னும் மெடோஸும் வேலையை விடவில்லை. ரொம்ப காலம் கழித்து டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் ராக்லாந்தின் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.