மலடி என்னும் சொல்லும் மருத்துவ சரித்திரமும்

நமது பாஷையில் மலடி என்றொரு சொல் உண்டு. மலடன் என்ற சொல்லும் அகராதியில் உண்டு. முன்னதைத் தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்கு வீடுகளிலும் கேளாத காது இராது. பின்னதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பழி எவர் தலையில் சுமத்தப்பட்டது என்பதற்கு இவ்விரு சொற்களின் வழக்கே போதிய சாட்சியாகும். கலியாணமாகி இரண்டாண்டு கழிந்தால் பெண்ணின் வயிற்றைப் பற்றி ஊரார் விசாரிக்கத் தொடங்குவர். ஐந்தாண்டு கழிந்தால் வளைகாப்புக்கு அவளை அழைப்பதையே நிறுத்திவிடுவர். அரச மரத்தைச் சுற்றுவதும், மரத்தில் தொட்டில் கட்டுவதும், மந்திரவாதிக்கு மாதச் சம்பளத்தை அளப்பதும் அவள் கடமைகள். கணவன் ஒரு வைத்தியரிடம் சென்று தன்னைச் சோதித்துக் கொள்ளட்டும் என்று சொல்ல எவருக்கும் நாவெழுவதில்லை. இரண்டாந்தாரம் பார்ப்போமா என்று கேட்க மட்டும் தாராளமாய் எழும்.

இந்த அநீதி தமிழர்க்கே உரியதென்று நாம் கூறவில்லை. ஹாலந்து தேசத்து லேவன்ஹுக் என்பார் 1677-ஆம் ஆண்டிலேயே பூதக்கண்ணாடியின் கீழ் ஆணின் விந்தணுக்களைக் கண்டு எழுதி வைத்தார். அவ்வணுக்களிலும் குறைபாடு நேரலாம் என்பதை வைத்திய உலகம் செவ்வனே ஒப்புக்கொண்டு, அதற்கெனச் சிகிச்சை கண்டதோ, அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் பின்னரே. ஒரேயொரு விந்தணுவை எடுத்து முட்டையினுள் ஊசியாற் செலுத்திக் கருவாக்கும் முறையைப் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர்கள் 1992-இல் வெளியிட்டனர். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் ஆண் பக்கத்துக் காரணமும் கலந்திருக்கிறது என்று இன்று வைத்தியர்கள் கூறுகின்றனர். அப்படியானால் அரச மரத்தைச் சுற்றிய கால்களில் பாதி வீணே தேய்ந்தன அல்லவா?

இனி, உடலுக்கு வெளியே கருவுண்டாக்கும் முறை பிறந்த கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஓல்டாம் ஒரு பழைய பஞ்சாலை நகரம். அங்கே பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மகப்பேற்று வைத்தியரும், கேம்பிரிட்ஜிலிருந்து வந்துபோன ராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் விஞ்ஞானியும், ஜீன் பர்டி என்னும் தாதியும் கூடி உழைத்தனர். மனித முட்டை உடலுக்கு வெளியே கருவுற்றது என்ற செய்தி 1969-இல் வெளியாயிற்று. 1971-இல் அவர்கள் அரசாங்கத்து மருத்துவ ஆராய்ச்சிச் சபையிடம் பண உதவி கேட்டபோது சபை மறுத்துவிட்டது. ஜனத்தொகை பெருகி வருகையில் பிள்ளையின்மைக்கு வைத்தியம் எதற்கு என்ற எண்ணம் அம்மறுப்பில் அடங்கியிருந்தது. பசித்தவனைப் பார்த்து, ஊரில் அரிசி மிகுதி, உனக்குச் சோறு எதற்கு என்று கேட்பது போன்ற நியாயம் அது. தனியார் நன்கொடையைக் கொண்டே வேலை நடந்தது.

இவ்விடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டும். விஞ்ஞானிகளின் பெயரை உலகம் அறியும். 2010-இல் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 1969 முதல் 1978 வரை அச்சோதனைக்குத் தம் உடலைத் தந்த பெண்கள் 282 பேர். மூன்று மணிக்கொரு முறை சிறுநீர் பிடித்துக் கொடுத்து, முட்டை முதிரும் வேளை நடுநிசியாயினும் கத்திக்கு உடன்பட்டவர்கள் அவர்களில் உண்டு. 112 தடவை கரு கருப்பையில் வைக்கப்பட்டது. கருத்தரித்தவர் ஐவர், உயிருடன் குழந்தை பெற்றவர் இருவர். மற்ற 280 பேரும் வெறுங்கையோடு வீடு திரும்பினர். அவர்களை யார் தேற்றினார்கள்? அக்காலத்தில் அதற்கென்று எவரும் நியமிக்கப்படவில்லை.

குழந்தை பெற்ற இருவரில் முதல்வர் லெஸ்லி பிரவுன் என்னும் பிரிஸ்டல் நகரத்துத் தொழிலாளிப் பெண். கணவர் ஜான், ரெயில்வேயில் லாரி ஓட்டியவர். கருக்குழாய்கள் அடைபட்டு ஒன்பதாண்டுகள் பிள்ளையின்றி மனச்சோர்வுற்றிருந்த அம்மாதுக்கு 1978 ஜூலை 25-ஆம் நாள் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். தமக்கு முன்னே இம்முறையில் ஒரு குழந்தையும் பிறந்ததில்லை என்பதையே அவர் தெளிவாக அறிந்திருக்கவில்லை. எத்தனையோ பேர் பிறந்திருப்பர் என்றே எண்ணியிருந்தாராம். சிகிச்சை பெறுவோர்க்கு முழு விவரமும் சொல்லவேண்டும் என்னும் இக்கால விதியின் அருமை இதனால் விளங்கும். கர்ப்பிணியாய் இரத்தக் கொதிப்போடு படுத்திருந்தவரைப் பத்திரிகைக்காரர் முற்றுகையிட்டனர். வெடிகுண்டு வைத்திருப்பதாகப் பொய்ச் செய்தி வந்து ஆஸ்பத்திரியே காலி செய்யப்பட்டது. பிறந்த பின்னரோ வாழ்த்துக் கடிதங்களோடு வசைக் கடிதங்களும் வந்து குவிந்தன. கூட உழைத்த ஜீன் பர்டி 1985-இல் முப்பத்தொன்பது வயதில் மறைந்தார். ஓல்டாமில் வைத்த நினைவுப் பலகையில் அவர் பெயரைப் பொறிக்க 2015 வரை ஆயிற்று. தாதியென்றாலே மறப்பது வழக்கம்போலும்!

1978 அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் இம்முறையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அந்தப் பெற்றோர் ஊராரின் ஏச்சுக்கு அஞ்சித் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை. அரசாங்கம் அமைத்த குழுவோ வைத்தியரின் கூற்றை நம்பவில்லை. வெளிநாடு சென்று பேச அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கண் வைத்தியக் கூடமொன்றுக்கு அவரை மாற்றினார்கள். 1981 ஜூன் 19-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். பிற்காலத்தில், 1986-இல் பம்பாயில் இம்முறையில் குழந்தை பிறக்கக் காரணமாயிருந்த ஆனந்த குமார் என்னும் விஞ்ஞானியே, முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதன்மை அவருடையதே என்று 1997-இல் பெருந்தன்மையோடு அறிவித்தார். பெற்றோரின் வாயை அடைத்த அதே வசைக்கு அஞ்சாத சமூகமாய் நாம் இருந்திருந்தால், அவர்களே சாட்சி சொல்லி அவ்வைத்தியரைக் காத்திருக்கக் கூடுமன்றோ?

நமது பக்கத்துச் செய்தி ஒன்று. சிங்கப்பூர்க் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1983-இல் இம்முறையில் ஒரு குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதற் குழந்தை என்று அப்போது கொண்டாடினர். கல்கத்தாவை உலகம் ஒப்பாததால் வந்த பட்டம் அது. அக்குழுவுக்குத் தலைவராயிருந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் இலங்கையிற் பிறந்த தமிழர். நம் மேடைகளில் அவர் பெயர் கேட்பது அரிது.

உடலைப் பற்றிய கதை இவ்வாறிருக்க, மனத்தைப் பற்றிய கதை தாமதித்தே தொடங்குகிறது. 1974-இல் அமெரிக்காவில் பார்பரா மென்னிங் என்னும் தாதி, தாமும் பிள்ளையில்லாதவராகையால், இத்தகையோர் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேச ஒரு சங்கத்தைத் தம் வீட்டிலேயே தொடங்கினார். 1990-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், சிகிச்சைக்கு முன் தம்பதிகளுக்கு மன ஆலோசனை பெறும் வாய்ப்பு அளிக்கப்படவேண்டும் என்று விதித்தது. பிள்ளையில்லாப் பெண்களின் கவலையும் சோர்வும் புற்றுநோயாளிகளுடையதற்கு ஒப்பானவை என்று 1993-இல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி அளந்து காட்டியது. இதைக் கேட்டதும் நம் வீட்டுக் கிழவிகள் ஒரு வாதம் கொண்டு வருவர்: கவலைப்படுவதால்தான் கரு தங்கவில்லை, மனத்தைத் தேற்றிக்கொள் என்பது. ஆறுதல் போலத் தோன்றும் இவ்வார்த்தையும் பெண் மேல் ஏற்றும் பழியே. 2011-இல் பதினான்கு ஆராய்ச்சிகளை, 3583 பெண்களின் விவரங்களோடு, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் இருந்த மனக்கவலைக்கும் அம்முறை பலிக்காமற் போவதற்கும் சம்பந்தம் காணப்படவில்லை. ஆகவே மனத்தைத் தேற்றவேண்டியது கரு தங்குவதற்காக அன்று. துன்புறுபவர் மனிதர் என்பதற்காக.

அத்துன்பம் எத்தகையது? நாள்தோறும் ஊசி, முட்டை முதிர்ந்ததா என்று பார்க்க அடிக்கடி ஆஸ்பத்திரி, கடைசி ஊசிக்குப் பின் ஏறத்தாழ முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டை எடுப்பு, கரு வைத்தபின் இரண்டு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருத்தல். முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கும், வைக்கும் கரு மூன்றில் சுமார் ஒன்றே பிள்ளைப்பேற்றில் முடிகிறதென்று இங்கிலாந்துக் கணக்கு காட்டுகிறது. வயது ஏற ஏற இது வெகுவாய்க் குறையும். பணம் வேறு. மலேசியாவில் ஊழியர் சேமநிதியிலிருந்து இச்சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம் என்று 2020-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். முதுமைக்கு வைத்ததை எடுப்பதாயினும், வட்டிக்கடைக்காரன் வாசலினும் அது மேலானது.

தோட்டத்து ஆபீசில் விடுமுறைத் தாள்களைப் பதியும் தொழில் நம்முடையது. இத்தகைய சிகிச்சைக்குப் போகும் பெண்கள் காரணம் என்ற கட்டத்தில் வயிற்றுவலி, காய்ச்சல் என்றே எழுதுகிறார்கள். கணவர்மாரோ லீவே கேட்பதில்லை. கேட்டால் தம் ஆண்மையைக் குறித்து எடைபோடும் இடத்தில் சிரிப்பார்கள் என்ற அச்சம். ஊசி போட்ட கையோடு அவள் தனியே பஸ்ஸில் வருகிறாள். அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்கு வைத்தியரும் வேண்டாம், சேமநிதியும் வேண்டாம். எடைபோடும் இடத்தில் நிற்கும் நாலு ஆடவர் போதும்.