வாக்குச்சீட்டில் மதுவிலக்கு: ஸ்காட்லாந்து கண்ட அனுபவம்

ஸ்காட்லாந்து என்றதும் பலருக்கும் விஸ்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதே நாட்டில்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், "உங்கள் பகுதியில் மதுக்கடை இருக்கட்டுமா, வேண்டாமா?" என்று மக்களிடமே வாக்குச்சீட்டு மூலம் கேட்கும் சட்டம் இயற்றப்பட்டது. மதுவிலக்கை முதன்மைக் கொள்கையாகக் கொண்ட ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சிலைத் தேர்தலில் வீழ்த்தியதும் அங்கேதான். மதுவின் தீமைகளைப் பற்றி அடிக்கடி பேசுகிற நாம், இந்த வரலாற்றையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இயக்கத்தின் தொடக்கம்

1829ஆம் ஆண்டு ஜான் டன்லப் என்பவர் கிளாஸ்கோவை அடுத்த மேரிஹில் பகுதியில் மது எதிர்ப்புச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். தொடக்கத்தில் விஸ்கி போன்ற கடும் மதுவகைகளை மட்டுமே இயக்கத்தினர் எதிர்த்தனர். சில ஆண்டுகளிலேயே 'எல்லா மதுவும் வேண்டாம்' என்ற முழு விலக்குக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர். 1853இல் வந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடியது. மற்ற நாட்களில் இரவு 11 மணியோடு விற்பனையை நிறுத்தியது. ஆனால் 'பயணிகளுக்கு' விடுதிகளில் மது தரலாம் என்ற விதிவிலக்கு இருந்ததால், பலர் ஞாயிறன்று பயணிகளாக மாறிவிட்டார்கள்!

குடிப்பழக்கத்தின் பின்னணியையும் நாம் பார்க்க வேண்டும். 1911 கணக்கெடுப்பின்போது ஸ்காட்லாந்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒன்று அல்லது இரண்டு அறைகளே கொண்ட வீடுகளில் வாழ்ந்தனர். ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்துக் களைத்த ஆணுக்கு, வெளிச்சமும் கதகதப்பும் பேச்சுத் துணையும் கிடைக்கும் இடமாக மதுக்கடையே இருந்தது. அங்கே செலவான கூலியின் சுமையை வீட்டில் மனைவியும் குழந்தைகளும் சுமந்தனர்.

மாற்று வழிகள்

வெறுமனே 'குடிக்காதே' என்று சொன்னால் போதாது, மாற்று இடம் வேண்டும் என்பதைச் சிலர் உணர்ந்தனர். தேயிலை வணிகரின் சகோதரியான கேட் கிரான்ஸ்டன் 1878 முதல் கிளாஸ்கோவில் தேநீர் அறைகளை நடத்தினார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மேக்கின்டாஷ் வடிவமைத்த அவரது 'வில்லோ' தேநீர் அறை 1903இல் சாக்கிஹால் தெருவில் திறக்கப்பட்டது. பெண்கள் துணையின்றித் தாமாகவே வந்து அமரக்கூடிய கண்ணியமான பொது இடங்களாக இத்தகைய தேநீர் அறைகள் விளங்கின.

சுரங்கத் தொழிலாளர் ஊர்களில் வேறொரு முறை வந்தது. சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகர முறைப்படி அங்கே மதுக்கூடங்கள் நடத்தப்பட்டன. பங்குதாரர்களுக்கு 5 விழுக்காடு இலாபம் மட்டுமே. மிச்சம் ஊரின் நூலகத்துக்கும் பூங்காவுக்கும் செவிலியர் பணிக்கும் சென்றது. விற்பவருக்கு அதிகம் விற்கும் ஆசை இருக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால், ஊர் நலனே மது விற்பனையை நம்பி நிற்கலாமா என்ற கேள்வியை முழு விலக்காளர்கள் எழுப்பினர்.

1913 சட்டம்

நெடுநாள் போராட்டத்தின் பலனாக 1913இல் ஸ்காட்லாந்துக்கான மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. மது வணிகர்களுக்கு அவகாசம் தரும் வகையில், 1920இல்தான் வாக்கெடுப்பு தொடங்கலாம் என்று வைத்தார்கள். ஒரு பகுதியின் வாக்காளர்களில் பத்தில் ஒருவர் கையெழுத்திட்டுக் கேட்டால் வாக்கெடுப்பு நடக்கும். வாக்குச்சீட்டில் மூன்று வாய்ப்புகள்: மாற்றம் வேண்டாம், உரிமங்களில் கால் பங்கைக் குறைக்கலாம், உரிமமே வேண்டாம்.

மூன்றாவது வெல்வது எளிதல்ல. வாக்களித்தவர்களில் 55 விழுக்காட்டினரும், மொத்த வாக்காளர்களில் 35 விழுக்காட்டினரும் ஆதரிக்க வேண்டும். அப்படி வென்றாலும் விடுதிகளிலும் உணவகங்களிலும் நிபந்தனையோடு மது பரிமாற வழி இருந்தது.

1920இல் வாக்கெடுப்பு நடந்த பகுதிகளில் மிகப் பெரும்பாலானவை 'மாற்றம் வேண்டாம்' என்றே முடிவு செய்தன. ஆயினும் சில ஊர்கள் உறுதியாக நின்றன. கிர்க்கின்டிலாக், கில்சித் ஆகிய ஊர்கள் 1960களின் பிற்பகுதி வரை மதுக்கடை இல்லாமலே இருந்தன. ஹெர்ரிங் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்ற வடகோடித் துறைமுகமான விக், 1922 முதல் 1947 வரை 25 ஆண்டுகள் அப்படி இருந்தது.

சர்ச்சிலை வென்றவர்

டண்டீ நகரம் சணல் ஆலைகளின் நகரம். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை அங்கே நூற்று நெய்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அந்நகரில் பிறந்த எட்வின் ஸ்கிரிம்ஜர் 1901இல் ஸ்காட்லாந்து மதுவிலக்குக் கட்சியைத் தொடங்கினார். 1908 இடைத்தேர்தலில் சர்ச்சிலை எதிர்த்து நின்று அவர் பெற்றது 655 வாக்குகள் மட்டுமே. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. மேலும் நான்கு முறை நின்று தோற்றார்.

1918ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைத் தொழிலாளர்களுக்கும் 30 வயதைக் கடந்த பெண்களில் பெரும்பாலோருக்கும் வாக்குரிமை தந்தது. 1922 தேர்தலில், இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் அத்தொகுதியில் ஸ்கிரிம்ஜர் 32,578 வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். தொழிற்கட்சியின் மோரல் இரண்டாவதாக வந்தார். 20,466 வாக்குகள் பெற்ற சர்ச்சில் பதவியிழந்தார். வேலையின்மை, போருக்குப் பிந்தைய ஏமாற்றம் ஆகியவையும் இந்த வெற்றிக்குக் காரணங்கள். மதுவிலக்கு ஒன்றுக்காக மட்டும் அத்தனை வாக்குகளும் விழவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது. நாடாளுமன்றத்தில் அவர் கொண்டுவந்த முழு மதுவிலக்கு மசோதா பெரும் தோல்வி கண்டது. 1931இல் அவர் தொகுதியையும் இழந்தார்.

எஞ்சியது என்ன?

பகுதிவாரி வாக்கெடுப்பு முறை 1976 சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. ஆனால் கேள்வி முடியவில்லை. 2018இல் ஸ்காட்லாந்து அரசு மதுவுக்குக் குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது; ஓர் அலகுக்கு 50 பென்ஸ். 2024இல் அது 65 பென்ஸாக உயர்ந்தது. மலிவான மது அழிக்கும் உயிர்களைக் காப்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. மக்கள் மனம் மாறாத இடத்தில் சட்டம் மட்டும் நிலைக்காது. பெரும்பாலான பகுதிகளின் வாக்குப்பெட்டி அதைத்தான் சொன்னது. அதேநேரம், மனம் மாறிய ஊர் தன் முடிவில் கால் நூற்றாண்டோ அதற்கு மேலோ நிலைத்து நிற்க முடியும் என்பதற்கு விக்கும் கில்சித்தும் சாட்சி. குடியை எதிர்த்துப் பேசும் ஒவ்வொருவரும், குடிப்பவனின் வீடு எப்படி இருக்கிறது, வேலை முடிந்து அவன் உட்கார வேறு இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட் கிரான்ஸ்டனின் தேநீர் அறைகள் நமக்கு நினைவூட்டுவது அதைத்தான்.