யந்திரம் சூடேறும் வேளை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியலுக்கு முன்னே எழும் சப்தங்களுள், பெரட்டு என்னும் காலை ஆட்கணக்கெடுப்புக்கு ஆள் கூட்டிய தப்புப் பறையின் ஓசைக்கு அடுத்த ஸ்தானம் நெடுங்காலமாக யந்திரத்தின் ஓசைக்கே உரியதாயிருந்தது. சமுத்திர மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலேயுள்ள நுவரெலியாவில், ஜனவரி, பெப்ரவரி மாதத்து இரவுகளில் உறைபனி படிந்து கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு. அத்தகைய காலைகளில் சாரதி வாகனத்தை ஸ்டார்ட் செய்துவிட்டு உடனே புறப்படாமல் சற்று நேரம் நிற்பதை அங்கு வாழ்ந்தோர் யாவரும் பார்த்திருப்பர். அந்தக் காத்திருப்பின் பூர்வீகம் மோட்டார் வாகனத்திலும் மூத்தது. தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் அதைத் தேடவேண்டும்.

1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தம்முடைய பங்களாத் தாழ்வாரத்தில் மேசைமேல் இலையைப் பரப்பிக் கையாலேயே உருட்டச் செய்தார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை நாசமாக்கி, திம்புள்ளை, டிக்கோயாப் பிராந்தியங்கள் தேயிலைக்கு மாறிய பின்னரோ, கைவேலை போதாமற் போயிற்று. 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய ரயில், அதுவரை மாட்டுவண்டிகள் தள்ளாடி ஏற்றிய இரும்புப் பாரங்களைச் சுலபமாக மேலே கொண்டுவந்தது; தோட்டத்து யந்திரங்களைப் பழுது பார்ப்பதற்கென்று பிரவுண் கம்பெனி அதற்கு முன்பே, 1875இல், ஹட்டனில் தொழிலைத் தொடங்கியிருந்தது. நீர்ச்சக்கரத்துக்கும் நீராவிக்கும் பின்னர் வந்தது எண்ணெய் எஞ்சின்.

அந்த ஆதிகால எண்ணெய் எஞ்சின்களில் ஒரு வகைக்கு, சிலிண்டரின் தலைப்பில் குமிழ் போன்ற ஓர் இரும்புப் பாத்திரம் இருந்தது. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த முறைப்படி ஹோர்ன்ஸ்பி ஸ்தாபனத்தார் 1890களில் செய்து விற்ற அவ்வகை எஞ்சினை எழுப்பவேண்டுமானால், முதலில் ஊதுவிளக்கின் சுவாலையை அக்குமிழின்மேல் செலுத்தி, எண்ணெய் பட்டதும் பற்றிக்கொள்ளுமளவுக்கு அதைப் பல நிமிஷங்கள் காய்ச்சி, அதன் பிறகே பெருஞ்சக்கரத்தைக் கையால் அசைத்துச் சுழற்றவேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த குமிழோடு மல்லுக்கட்டினால் களைப்பன்றி வேறு பலன் கிட்டாது. இரவு முழுதும் வாடிய கொழுந்து விடியுமுன் உருளைக்குள் போயாகவேண்டுமாதலால், எஞ்சினைக் காய்ச்சுகிறவருக்குத் தப்படிக்கிறவரையும் முந்தி எழவேண்டிய கடமை இருந்தது. சரித்திர நூல்கள் துரைமாரின் பெயர்களை அடுக்குமிடத்தில் இந்த மனிதருக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

லொறிகளின் காலத்தில் ஊதுவிளக்கு மறைந்தது. எஞ்சினைச் சுழற்றி எழுப்பும் கைப்பிடியும் சோக்கும் வந்தன. டீசல் வண்டியில் ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுப்பதே போதுமென்றாயிற்று.

பின்னர் டீசல் வண்டிகளில் வந்து சேர்ந்த டர்போவின் கதையோ உயரத்தோடு பிணைந்தது. வெளியேறும் புகையின் சக்தியால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மூலம் காற்றை நெருக்கி எஞ்சினுக்கு ஊட்டும் யோசனைக்கு சுவிஸ் பொறியியலாளர் ஆல்பிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கரான சான்போர்ட் மாஸ், சமதரையில் 350 குதிரைச்சக்தி தந்த ஒரு விமான எஞ்சினை 14,109 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஏற்றிச் சென்று ஓட்டியபோது, அது 230ஆகத் தளர்ந்து, டர்போவைப் பூட்டியதும் 356ஆக நிமிர்ந்தது. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடலோரத்துக் காற்றினதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. மெல்லிய காற்றைச் சுவாசித்து மலையேறவேண்டிய வண்டிக்கு இந்த உபகரணம் எவ்வளவு பொருத்தமென்று விளக்கவேண்டியதில்லை.

ஆனால் நிமிஷத்துக்கு லட்சம் முறைக்கு மேலும் சுழலவல்ல அதன் அச்சு, ஒரு மசகெண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே ஓடுகிறது. குளிரில் எண்ணெய் தடித்து, மெதுவாகவே அங்குச் சென்று சேரும்; அதற்குள் ஆக்சிலேட்டரை அழுத்துவது அந்த அச்சுக்குச் செய்யும் துரோகம். எனவே பழைய வழக்கம் நிலைக்க, அதன் காரணம் மாறிவிட்டது: எரிபொருள் பற்றுவதற்காகக் காத்திருந்தவர்களின் சந்ததியார் மசகெண்ணெய் இளகுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

அதற்காகக் கால் மணி நேரம் வண்டியை உறுமவிட்டு நிற்பதும் வீண். நின்றபடி ஓடும் எஞ்சின் மந்தமாகவே சூடேறும். அரை நிமிஷம் பொறுத்து, முதல் சில மைல்களை நிதானமாக ஓட்டுவதே இக்கால எஞ்சினுக்கு உகந்தது. சமவெளிக்காரருக்கு இது எளிய உபதேசம். தோட்டத்திலோ, வாசலைத் தாண்டியதுமே சில பாதைகள் செங்குத்தாக ஏறுகின்றன. மேட்டிலுள்ள லயத்து வீடுகளிலிருந்து இறங்குகிற வண்டியும் இறக்கத்தில் பாரமின்றி ஓடி, சூடு பிடிக்காமலே பள்ளத்தை அடைந்து, அங்கே ஏற்றத்தை எதிர்கொள்கிறது. உஷ்ணமானியின் முள் தண்ணீரின் சூட்டைக் காட்டுமேயன்றி எண்ணெயின் சூட்டைக் காட்டாது. எண்ணெய் பின்தங்கியே சூடேறும். ஆகவே மலைச்சாரதிக்கு ஓரிரு நிமிஷம் அதிகமாக நிற்க நியாயமுண்டு. முதல் ஏற்றத்தைத் தாழ்ந்த கியரில், எஞ்சினைத் திணறவிடாமல் கடப்பதே அதனினும் முக்கியம்.

காலையில் இவ்வளவு சிரத்தை காட்டுகிற சாரதிகளிற் பலர், றம்பொடை ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறி வந்து, தேநீர்க் கடை வாசலில் சாவியைச் சட்டென்று திருப்பிவிடுகிறார்கள். அப்போது எண்ணெயோட்டம் நின்றுவிட, தகிக்கும் டர்போச் சக்கரத்தருகே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படிகிறது. காலைக் காத்திருப்புக்குத் தலைமுறைகளின் பழக்கம் துணை நிற்கிறது. ஏறி முடித்தபின் ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிடும் வழக்கத்துக்கு அத்தகைய முன்னோர் இல்லை; ஊதுவிளக்குக் காலத்து எஞ்சின் அப்படியொன்றைக் கேட்டதேயில்லை.