நாங்க எந்தக் காலனி?

எம்.ஏ. தமிழ் படித்தபோது ‘பின்காலனியம்’ என்று ஒரு பாடம் வந்தது. வாத்தியார் பலகையில் அந்தச் சொல்லை எழுதியதும் கடைசி பெஞ்சில் நாங்கள் ரெண்டு பேர் சிரித்துவிட்டோம். என்ன சிரிப்பு என்றார். ஒண்ணுமில்ல சார் என்று தலையைக் குனிந்துகொண்டோம். எங்க காலனிக்குப் பின்னால இருக்கறது சுடுகாடு. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? அவருக்குக் காலனி என்றால் இங்கிலாந்து, பிரான்சு. எங்களுக்குக் காலனி என்றால் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கிழக்கே கிடக்கிற நாலு தெரு. ‘காலனிய மனிதனின் மனம்’ பற்றி அந்த வகுப்பு முழுக்கப் பேசினார். காலனி மனிதர்கள் ரெண்டு பேர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் இந்தச் சொல்லைத் தோண்டிப் பார்க்கணும் என்று தோன்றியது.

இங்கிலீஷுக்கு இது லத்தீனிலிருந்து வந்த சொல். ‘கொலெரே’ என்றால் நிலத்தைப் பண்படுத்துவது, பயிரிடுவது. ‘கொலோனஸ்’ என்றால் உழவன். உழவர்களைக் குடியேற்றிய இடம் ‘கொலோனியா’. ரோமாபுரிக்காரன் சண்டை போட்டுப் பிடித்த மண்ணை, ஓய்வுபெற்ற தன் சிப்பாய்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் குடியேற்றினான். ஜெர்மனியில் கொலோன் என்று ஒரு நகரம் இருக்கிறது. கி.பி. 50-இல் ரோமானியக் காலனி அந்தஸ்து பெற்ற ஊர் அது. அந்த ஊர்ப் பேரில்தான் யூடிகொலோன் வந்தது. அங்கே காலனி என்ற பேரில் சென்ட் விற்கிறான். இங்கே காலனி என்றதும் மூக்கைப் பொத்துகிறான்.

ரோமாபுரியிலேயே இந்த உழவன் என்ன ஆனான் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சாம்ராஜ்யத்தின் கடைசிக் காலத்தில் ‘கொலோனஸ்’ என்றால் நிலத்தோடு கட்டிப்போடப்பட்ட குத்தகைக் குடி. பண்ணையை விட்டுப் போகக்கூடாது. கி.பி. 332-இல் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம், ஓடிப்போக நினைக்கிற கொலோனஸை அடிமையைப் போல விலங்கு மாட்டி வேலை வாங்கலாம் என்கிறது. படியாள், பண்ணையாள் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான லத்தீன் சொல் வேண்டுமா? ஒரே சொல்லில் நிலம் வாங்கிய சிப்பாயும் இருக்கிறான், நிலத்தோடு கட்டப்பட்ட கூலியும் இருக்கிறான்.

பிறகு வெள்ளைக்காரன் அந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றினான். அமெரிக்காவில் பதின்மூன்று காலனிகள் 1776-இல் விடுதலை கேட்டன. அந்த மண்ணில் ஏற்கனவே வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. இலங்கை 1802-இல் முடியரசுக் காலனி ஆனது. இந்தியாவுக்குள்ளேயும் ஒரு காலனிக் கதை உண்டு. பஞ்சாபில் 1880-களிலிருந்து ஆற்றுக்குக் கால்வாய் வெட்டி, தரிசைப் பாசன நிலமாக்கி, ‘கால்வாய்க் காலனி’கள் என்று குடியேற்றினார்கள். நிலம் பெரும்பாலும் யாருக்குப் போனது? ‘உழவுச் சாதி’ என்று சர்க்கார் ஏற்றுக்கொண்டவர்களுக்கு. 1900-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தச் சாதிப் பட்டியலைக் கெட்டியாக்கியது. அந்த நிலத்தில் ஏர் பிடித்த தலித்துகள் பட்டியலில் இல்லை. உழவன் என்ற சொல்லிலிருந்து பிறந்த காலனியில் உழுதவனுக்கு இடமில்லை.

இப்போது நம்ம காலனிக்கு வருவோம்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர்கள் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையால்தான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அது நாமெல்லாம் பேசுவதுதான். ஆனால் அவர் இன்னொன்றும் எழுதினார். அதை நாம் குறைவாகத்தான் பேசுகிறோம். குடிசை போட்ட இடமே மிராசுதாருக்குச் சொந்தம் என்று சொல்லப்பட்டது. கூலி கூடக் கேட்டால், வேறு வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். சவுக்கே தேவையில்லை, இந்த ஒரு வார்த்தை போதும். 1920-களில் தொழிலாளர் துறை நிலம் எடுத்து மனையாகப் பிரித்துக் கொடுத்தபோதுகூட, நம்ம ஜனங்கள் தவணை கட்டித்தான் அதை வாங்கினார்கள். சும்மா வந்த மனை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். இப்படி நிலம் எடுப்பதற்கென்று தனிச் சட்டம் 1978-இல்தான் வந்தது.

எங்க ஆயா இந்தக் கதையை வேற மாதிரி சொல்லும். “ரெட்டியாரு களத்து மேட்டுலதான்டா குடிச. உங்கப்பன் பத்து வயசுப் பையன். ஒரு நாள் நடவுக்குப் போவல, காய்ச்சல். சாயங்காலம் வந்து கூரையில கழிய வுட்டு இழுக்குறான்.” அதற்கப்புறம் எழுபதுகளின் கடைசியில் சர்க்கார் மூணு சென்ட் மனை கொடுத்தது. மழை பெய்தால் முழங்கால் தண்ணி நிற்கிற பள்ளம். ஆனாலும் யாரும் வந்து போ என்று சொல்ல முடியாத இடம். ஆயா “நாங்க காலனிக்கு வந்துட்டோம்” என்று சொல்லும்போது குரலே மாறும். பண்ணையிலிருந்து விடுதலையானதற்கு அது வைத்திருந்த பேர் காலனி.

அந்தப் பேரை அழுக்காக்கியது நாங்க இல்லை. ஹரிஜன் காலனி, ஆதிதிராவிடர் காலனி, ஏ.டி. காலனி, கடைசியில் வெறும் காலனி. சேரி என்று சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்கு இந்த இங்கிலீஷ் சொல் வசதியாகப் போய்விட்டது. ‘காலனிப் பையன்’ என்றால் சாதி கேட்கத் தேவையில்லை. கண்டக்டர் ‘காலனி எல்லாம் எறங்கு’ என்பார். பட்டணத்தில் பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி, ரயில்வே காலனி என்று இருக்கிறவர்கள் அதே சொல்லைக் கல்யாணப் பத்திரிகையில் பெருமையாக அச்சடிக்கிறார்கள். நான் நகரத்தில் வாடகை வீடு தேடியபோது சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். ஊர்ப் பேரைச் சொன்னேன். “ஊருக்குள்ளயா, காலனியா?” என்றார்கள். வீடு கிடைக்கவில்லை.

எங்கள் தெருமுனைப் பலகையில் ரொம்ப நாள் ‘ஆதிதிராவிடர் காலணி’ என்று எழுதியிருந்தது. மூணு சுழி. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர் எங்க தாத்தா. அவர் குடியிருந்த இடத்துக்கே செருப்பு என்று பேர் எழுதி வைத்துவிட்டார்கள். பெயின்டர் தெரியாமல் எழுதியிருப்பார். ஆனால் படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்தப் பலகையைக் கடந்து போனார்கள். ஒருத்தரும் திருத்தச் சொல்லவில்லை.

2024 ஜூனில் கேரள அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன், பதவியை விட்டுப் போகும்போது கடைசியாக ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். காலனி என்ற சொல் இனி வேண்டாம், நகர் போன்ற பெயர்களை வைக்கலாம் என்பது அந்த உத்தரவு. 2025 ஏப்ரல் 29-இல் நம்ம சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலினும், அரசு ஆவணங்களிலிருந்து இந்தச் சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். இதை நான் வரவேற்கிறேன். வசவாகிவிட்ட சொல்லை ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் முகவரியாக எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. 2012 நவம்பர் 7-இல் தர்மபுரியில் எரிக்கப்பட்டவற்றில் நத்தம் காலனி மட்டும் இல்லை, அண்ணா நகரும் இருந்தது. நகர் என்று பேர் இருந்ததால் தீ விலகிப் போகவில்லை.

அறிவிப்பு வந்த அன்று ஆயாவிடம் சொன்னேன். எண்பத்தைந்து வயசு. “பேர மாத்தட்டும்டா. எம் பட்டா என்னாச்சு?” என்று கேட்டது. அன்றைக்குக் கொடுத்த பட்டாக் காகிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கிராமக் கணக்கில் அது இன்னும் ஏறவில்லை. நாலு மனு கொடுத்தாகிவிட்டது. அஞ்சாவது மனு எழுத உட்கார்ந்தபோது முகவரியில் என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். புதுப் பேரைப் போட்டால், பட்டாவில் இருப்பது வேற இடம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலனி என்றே எழுதினேன். ரெண்டு சுழி ‘னி’தானா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.