ஆயில் ஹீட்டர், ஹாலஜன், காயில், கரி அடுப்பு... கல்வராயன் மலைக் குளிருக்கு எது சரி? எது ஆபத்து?

'ரேடியேட்டர்' என்று சொன்னால் கள்ளக்குறிச்சி பக்கம் பலருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வருவது கரும்பு ஏற்றிப் போகும் லாரியும் டிராக்டரும்தான். இன்ஜின் சூட்டை வெளியே தள்ளும் அதே வேலையை, ஒரு வீட்டு அறைக்குள் செய்தால் அதுதான் வீட்டு ரேடியேட்டர். லாரியில் அந்தச் சூடு நமக்கு வேண்டாதது. குளிர்கால வீட்டில் அதுதான் வேண்டும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரா?" என்று கேட்கலாம். டவுனில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறி, வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் ஒரு மார்கழி ராத்திரி தங்கிப் பார்த்தால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

மலைக்கடைகளுக்கும் வீட்டுக்கும் ஹீட்டர் வாங்க நினைப்பவர்கள், கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீடுகள், குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் என எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை இங்கே பார்க்கலாம்.

மலையில் மட்டும் ஏன் இவ்வளவு குளிர்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதிதான் கல்வராயன் மலை. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது மலையின் பெரும்பகுதி இந்த மாவட்டத்துக்கு வந்தது. கருமந்துறை பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். பெயர்தான் அப்படி, கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.

கணக்கு ரொம்ப எளிது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே இருந்து 2,000 அடி ஏறினாலே சுமார் 4 டிகிரி போய்விடும். அதோடு காற்று, பனி, ஈரம் மூன்றும் சேர்ந்தால் உடம்புக்குத் தெரியும் குளிர் இன்னும் அதிகம். கார்த்திகை கடைசியில் தொடங்கும் இந்தக் குளிர் மாசி வரை இழுக்கும். 'தை பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருப்பது நல்லது என்கிறது. குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஷீட் கூரை வீடுகளில் ராத்திரி வெப்பநிலை இதற்கும் கீழே இறங்குவது சாதாரணம். தகரம், சிமென்ட் ஷீட் இரண்டுமே பகல் சூட்டைப் பிடித்து வைக்காது.

முதலில் ஆபத்தைப் பேசிவிடலாம்: அறைக்குள் கரி வேண்டாம்

குளிர் காய்வது நமக்குப் புதிதல்ல. வாசலில் சுள்ளி போட்டு நெருப்பு மூட்டி சுற்றி உட்காருவதில் பெரிய பிரச்னை இல்லை. புகை வெளியே போய்விடும். பிரச்னை எங்கே வருகிறது என்றால், எரிந்து முடிந்த கரித் தணலைச் சட்டியில் அள்ளி, படுக்கிற அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும்போதுதான்.

"புகையே வரலையே, அப்புறம் என்ன?" என்பார்கள். இதுதான் பெரிய தவறு. புகை தெரியாத தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அப்புறம் தூக்கக் கலக்கம். தூக்கத்திலேயே மயங்கிவிடுவதால் எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் பகுதிக்குச் சுற்றுலா போன கேரளாவைச் சேர்ந்த 8 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 4 பேர் குழந்தைகள். குளிருக்காக மூடிய அறைக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கியிருந்தார்கள். கரி, விறகு, கேஸ், மண்ணெண்ணெய் என எரியும் எதற்கும் இது பொருந்தும்.

யாராவது இப்படி மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறங்கள். அவர்களை உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். 108-க்கு அழையுங்கள். மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரவே நேரம் ஆகும் என்பதால், 'கொஞ்ச நேரத்துல சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, கரன்ட் ஹீட்டரில் என்னென்ன வகை?

கடைக்குப் போனால் பெயர்கள் குழப்பும். அடிப்படையில் இரண்டே வழிகள்தான். ஒன்று, எதிரே இருப்பவரை நேராகச் சுடுவது. வெயிலில் நிற்கிற மாதிரி. இன்னொன்று, அறைக் காற்றைச் சூடாக்குவது.

1. காயில் ஹீட்டர்: சிவப்பாகக் கனலும் கம்பிச்சுருள். விலை குறைவு, போட்டவுடன் சூடு. ஆனால் கம்பி வெளியே தெரியும். போர்வை, சேலை முந்தானை, குழந்தையின் கை எது பட்டாலும் ஆபத்து. கூரை வேய்ந்த வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

2. ஹாலஜன், குவார்ட்ஸ் ஹீட்டர்: குழாய் விளக்கு மாதிரி ஒளிரும். எதிரே உட்கார்ந்தால் சில நொடிகளில் இதம் தெரியும். நகர்ந்து போனால் குளிர் திரும்பிவிடும். கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, படிக்கிற பிள்ளைக்கு இது போதும். வெளிச்சம் இருப்பதால் தூங்கும்போது உதவாது. 800 முதல் 1,200 வாட் வகைகள் அதிகம் கிடைக்கின்றன.

3. ஃபேன் ஹீட்டர், செராமிக் ஹீட்டர்: சூடான காற்றை ஊதும். சின்ன அறை சீக்கிரம் சூடாகும். சத்தம் இருக்கும். செராமிக் வகையில் ஒரு நல்ல குணம் உண்டு. சூடு ஏற ஏற அதுவே கரன்ட் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சாதாரணக் காயிலைவிடப் பாதுகாப்பு கூடுதல்.

4. ஆயில் ரேடியேட்டர்: பார்க்க மடிப்பு மடிப்பாக இருக்கும். 7, 9, 11, 13 மடிப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளே அடைத்த எண்ணெயைக் கரன்ட் சூடாக்கும், எண்ணெய் இரும்பு மடிப்புகளைச் சூடாக்கும், மடிப்புகள் காற்றைச் சூடாக்கும். அறை முழுக்க இதமாக 20, 30 நிமிடம் பிடிக்கும். ஆனால் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். வெளிச்சமில்லை, சத்தமில்லை, கனலும் கம்பி இல்லை. கைக்குழந்தை, முதியவர் படுக்கும் அறைக்கு இருப்பதில் பொருத்தமானது இதுதான். ஒரு எச்சரிக்கை: மேல்பகுதி தொட முடியாத அளவுக்குச் சுடும். அதன்மேல் ஈரத்துணி காயப்போடக் கூடாது.

5. சூடும் குளிரும் தரும் இன்வெர்ட்டர் ஏசி: மற்றவை கரன்ட்டைச் சூடாக மாற்றும். இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்து வரும். அதனால் 1 யூனிட் கரன்ட்டுக்குச் சுமார் 3 யூனிட் அளவு சூடு கிடைக்கும். வாங்கும் விலைதான் அதிகம்.

கடையில் சொல்லும் மூன்று விஷயங்கள், உண்மை என்ன?

"ஆயில் ஹீட்டர்னா கரன்ட் கம்மி": இல்லை. 1,000 வாட் காயிலும், 1,000 வாட் ஆயில் ரேடியேட்டரும் ஒரு மணி நேரத்தில் தரும் சூடு ஒன்றேதான். ஆயில் வகையில் தெர்மோஸ்டாட் இருப்பதால், அறை சூடானதும் தானாக நின்று, குளிர்ந்ததும் மறுபடி ஓடும். மிச்சமாவது அதனால்தான், எண்ணெயால் அல்ல.

"எண்ணெய் தீர்ந்தா மாத்தணும்": வேண்டாம். எண்ணெய் எரிவதில்லை. அடைத்தது அடைத்தபடி இருக்கும். கசிந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

"ஹீட்டர் ஆக்சிஜனைத் தின்னும்": கரன்ட் ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, ஆக்சிஜனும் குறைவதில்லை. காற்றைச் சூடாக்குவதால் ஈரப்பதம் குறைந்து மூக்கு, தொண்டை வறளும், அவ்வளவுதான். அதற்காக மூடிய அறையே போதும் என்று அர்த்தமில்லை. காற்றோட்டத்துக்கு ஒரு சிறு இடைவெளி எப்போதும் நல்லது.

பில் எவ்வளவு ஏறும்?

1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் 60 நாளுக்குக் கணக்குப் போடலாம்.

800 வாட் ஹாலஜன், தினமும் 2 மணி நேரம்: 96 யூனிட்.
1,000 வாட் ஆயில் ரேடியேட்டர், இடையில் நிற்காமல் 4 மணி நேரம்: 240 யூனிட்.
2,000 வாட் காயில், 4 மணி நேரம்: 480 யூனிட்.

முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-ல் வந்தது. ஹாலஜன் கணக்கைப் பாருங்கள். இலவசம் கிட்டத்தட்ட முழுவதையும் அது ஒன்றே சாப்பிட்டுவிடும். யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் என்பதால், 480 யூனிட் கூடுதலாக ஏறினால் பில் எகிறிவிடும். படுக்கும் முன் ஒரு மணி நேரம் அறையைச் சூடாக்கி அணைப்பதுதான் பையைக் காப்பாற்றும் வழி.

வாங்கும் முன் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

டி.வி., செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். அது அதிகபட்சம் சுமார் 1,380 வாட்தான் தாங்கும். 2,000 வாட் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பெரிய சாக்கெட் கட்டாயம். கன்வெர்ட்டர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் வயர் உருகித் தீப்பிடிக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, சாய்ந்தால் தானே அணையும் வசதி இரண்டும் இருக்கட்டும். எந்த ஹீட்டரானாலும் துணி, படுக்கை, திரையிலிருந்து 3 அடி தள்ளி வையுங்கள்.

அளவு எப்படி? தோராயமாக, ஒரு சதுர அடிக்கு 10 வாட். 10க்கு 10 அறைக்கு 1,000 வாட் போதும்.

வெளிநாட்டு ரேடியேட்டர் வேறயா?

ஆமாம். லண்டனுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிய இரும்புப் பலகையைப் பார்த்து முழிப்பது இதனால்தான். அங்கே ஒரு பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். குழாய் வழியே அது எல்லா அறைக்கும் சுற்றி வரும். தட்டையாக இருப்பது பேனல் ரேடியேட்டர். தூண் தூணாக இருப்பது பழைய காலத்து வார்ப்பிரும்பு வகை. குளியலறையில் துண்டு காய ஏணி மாதிரி இருப்பது இன்னொரு வகை. மேல்பாதி குளிர்ந்து, கீழ்பாதி மட்டும் சுட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சின்னச் சாவியால் காற்றைத் திறந்துவிட்டால் சரியாகும்.

நம் மலைக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. வருடத்தில் இரண்டு மூன்று மாதக் குளிருக்குக் குழாய் பதிப்பது வீண் செலவு.

ஹீட்டர் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

ஹீட்டருக்கு முன்பே செய்ய வேண்டியதும் இதுதான். சூடான காற்று மேலே போகும், ஷீட் கூரை இடுக்கு வழியே வெளியேறும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள பெரிய இடைவெளியைக் குறையுங்கள், முழுக்க அடைத்துவிட வேண்டாம். கதவு அடியில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். வெறும் தரையில் படுக்காமல் கட்டில் அல்லது பாய்க்கு மேல் தடித்த விரிப்பு போடுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். குழந்தைக்குக் குல்லா, காலுறை மறக்க வேண்டாம்.

வாசலில் குளிர் காய்ந்துவிட்டு உள்ளே வரும்போது, தணலில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வாருங்கள். சட்டி வாசலிலேயே இருக்கட்டும்.