கடனும் பாவமும்: பேராத் தோட்டங்களில் மனந்திரும்புதலின் மொழி

பேரா மாநிலத் தமிழ்க் கிறித்தவர் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் நாடுவது திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையே. அஃது இயல்பே. குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், நாள் ஆகியன அங்குக் கிடைக்கும். பாவமன்னிப்போ எந்த ஏட்டிலும் பதிவு பெறுவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எவரிடமும் வெளியிடலாகாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கண்டிப்பான விதி. ஆதலின் மனந்திரும்புதலின் வரலாற்றை எழுத விழைவோர்க்கு எஞ்சும் சான்று அதற்கு வழங்கிய சொற்களே எனலாம். அச்சொற்களைப் பற்றியே ஈண்டு ஆராய்கிறோம்.

தமிழகக் கடற்கரையில் திருமுழுக்கு முதலில் வந்தது. மனந்திரும்புதலுக்கான மொழி பின்னரே வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். புனித சவேரியார் அக்கரைக்கு வந்தது 1542இல்தான். தன் குற்றத்தை ஒருவன் தன் மொழியிலே எடுத்துரைக்க வேண்டுமாயின், கேட்கும் குருவும் அம்மொழியை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? இத்தேவையை உணர்ந்தவர் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவியாகிய அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய இரண்டே ஆண்டுகளில், 1580இல், பாவசங்கீர்த்தனத்திற்கென அவர் ஆக்கிய 'கொம்பெசியொனாயரு' கொச்சியில் வெளிவந்தது. தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே தன்னைத்தான் ஆராய்ந்து குற்றத்தை அறிக்கையிடக் கற்பிக்கும் நூல் ஒன்று நிற்பதை நம் இலக்கிய வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது போதாது என்பது நம் கருத்து.

இச்சொற்களே கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன. பேராவின் கிரியான் வட்டாரத்தில், பாகான் செராயில், பிரெஞ்சு மறைபரப்பாளர் ரெனே பே அடிகளார் 1880களில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென வேளாண் குடியிருப்பு ஒன்றை உருவாக்கினார். பின்னாளில் மலாக்கா மறைமாவட்ட ஆயராக உயர்ந்தவர் அவர். ஈப்போவில் சிலிபின் லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் முதன்மை ஆலயமாக விளங்கிவருகிறது. ஆனால், இரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்க்குக் குருவின் வருகை அரிது. அன்றாட வழிபாட்டை உபதேசியார் நடத்தலாம். பாவமன்னிப்பு அளிக்க அவருக்கு அதிகாரமில்லை. சாகும் தறுவாயில் உள்ளவர்க்கு எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனமோ குருவின்றி நிகழாது. இவ்விடைவெளியை நிரப்பியது 'உத்தம மனஸ்தாப மந்திரம்' என்னும் செபமாகும். கடவுள்மீது கொண்ட அன்பினால் முழுமையாக மனம் வருந்தி, வாய்ப்புக் கிட்டும்போது பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியும் உடையவர்க்கு மன்னிப்பு உண்டு என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. காய்ச்சலும் சாவும் மலிந்த தோட்டத்தில் அச்செபத்தை மனப்பாடமாக அறிந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் உய்த்துணரலாம். பேச்சு வழக்கில் மனஸ்தாபம் என்பது இருவருக்கிடையே எழும் பிணக்கைக் குறிக்கும். செபத்திலோ அது தன் குற்றம் குறித்த துயரம்.

மற்றொரு சொல் இன்னும் ஆழமானது. புரொட்டஸ்டண்டுத் தமிழ் வேதாகமத்தின் மத்தேயு 6ஆம் அதிகாரச் செபத்தில் மன்னிக்க வேண்டப்படுவது 'கடன்'. பழைய கத்தோலிக்கத் தமிழ்ச் செபமோ பாவங்களைப் 'பொறுத்தருள' வேண்டியது. மூலக் கிரேக்கத்தில் கடன் என்னும் பொருளே உள்ளது. மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையும் கடன்பட்ட ஊழியனைப் பற்றியதே. கங்காணியின் முன்பணத்தோடு கப்பலேறிய தொழிலாளிக்குக் கடன் வெறும் உருவகமாக இருந்திருக்க முடியாது. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதிச் சட்டம் இயற்றப்பெற்றது. அந்நிதியே பயணச் செலவை ஏற்றது. இந்தியத் தொழிலாளரின் ஒப்பந்தமுறை 1910இல் விலக்கப்பெற்றது. ஆயினும், கங்காணியிடமும் தோட்டத்துக் கடையிலும் பட்ட கடன் தொடர்ந்தது. அச்சூழலில் கடனை மன்னிக்கும் ஆண்டவர் என்னும் தொடர் எவ்வாறு ஒலித்திருக்கும்? பொறுத்தல் என்பது வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய பண்பு. கடனை மன்னித்தலோ கணக்கையே கிழித்துவிடுதல். இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின்னர்க் கத்தோலிக்கத் தமிழ் மாறியது. ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனமாயிற்று, சர்வேசுரன் என்னும் பெயரும் வழக்கிறந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'மனந்திரும்புங்கள்' என்பதற்கு மாறாக 'மனம் மாறுங்கள்' என்றது. நல்ல தமிழ் என்ற வகையில் இவற்றை வரவேற்கிறோம். எனினும், திரும்புதல் என்பதில் விட்டுவந்த இடம் ஒன்று உண்டு. மாறுதல் என்பதில் அஃதில்லை. ஊரை விட்டு வந்த மக்களுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

தோட்டத் துண்டாடல் 1950களில் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டங்களை வாங்கினார். ஆயினும், மக்கள் சிதறினர். கத்தோலிக்கத் திருச்சபை 1907இல் பிறப்பித்த 'நே தெமெரே' ஆணையின்படி, ஒருவரின் திருமணத்தை அவர் திருமுழுக்குப் பெற்ற ஏட்டின் ஓரத்திலும் குறித்தல் வேண்டும். எனவே, பேராத் தோட்டத்தில் பிறந்தவர் வேற்றூரில் மணம் புரிந்தாலும் அச்செய்தி பழைய பங்கின் ஏட்டிற்கே திரும்பி வரும். அவ்வோரக் குறிப்புகளைத் தொகுக்கும் ஆய்வாளர், தோட்டம் கலைந்தபின் அதன் மக்கள் சென்ற வழியைக் காணலாம். பழைய செபங்களோ ஏட்டில் இல்லை. அவற்றை மனப்பாடமாக அறிந்த முதியோரிடமே உள்ளன. பதிவேடுகளுக்கு முன்னர் அவர்களிடம் செல்லுதல் வேண்டும்.