கொழும்பு வழியா வந்த பம்பாய்க் குரல்

இலங்கை வானொலின்னு ஆரம்பிச்சாலே மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத்னு நமக்கு வரிசையா பேர் வந்துடும். அதே நிலையத்தோட இந்தி ஒலிபரப்புல ஒரு ராஜா இருந்தார். அமீன் சயானி. எனக்குத் தெரிஞ்ச இந்தி, ஆட்டோக்காரர்கிட்ட வழி கேட்கிற அளவுதான். ஆனாலும் இவர் கதை தமிழ்ல எழுதுற நமக்கும் சம்பந்தப்பட்டதுங்கறது என் கட்சி.

1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்தார். சாஸ்திரிய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டு ஜனங்களோட ரசனையைக் கெடுக்குதுன்னு அகில இந்திய வானொலியில அதுக்கு ஆப்பு வெச்சார். நேரத்தைக் குறைச்சாங்க. படத்தோட பேரைச் சொல்லக்கூடாது, பாடினவர் பேர் மட்டும்தான்னு விதி வந்துச்சு. தயாரிப்பாளர்கள் கோவிச்சுக்கிட்டு ஒலிபரப்பு உரிமையைத் திரும்ப வாங்கிக்க, கொஞ்ச மாசத்துல வானொலியில சினிமாப் பாட்டே இல்லாம போச்சு.

பக்கத்துல கொழும்புல நிலைமை நேரெதிர். ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் படைகளுக்காக வெச்ச சக்திவாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர் இலங்கை அரசு கைக்கு வந்திருந்தது. 1950-ல் வர்த்தக சேவையும் ஆரம்பிச்சாச்சு. பம்பாய்ல நிகழ்ச்சியைப் பதிவு பண்ணுவாங்க, டேப் விமானத்துல கொழும்பு போகும், அங்கிருந்து சிற்றலையில மறுபடி இந்தியாவுக்கே வரும்! காதைச் சுத்தி மூக்கைத் தொட்ட கதைதான், ஆனா வேலை செஞ்சுது.

அமீன் பம்பாய் புனித சேவியர் கல்லூரி மாணவர். அகில இந்திய வானொலியோட இந்தி அறிவிப்பாளர் தேர்வுல, உச்சரிப்புல குஜராத்தியும் இங்கிலீஷும் வாடை அடிக்குதுன்னு நிராகரிச்சுட்டாங்க. அப்புறம் இலங்கை வானொலி நிகழ்ச்சி ஒண்ணோட ஒலிப்பதிவை வேடிக்கை பார்க்கப் போயிருக்கார். விளம்பரம் படிக்க வேண்டியவர் வரலை. கூட்டத்துல இருந்த இவரைக் கூப்பிட்டுப் படிக்க வெச்சாங்க. சம்பளம்? வாரம் ஒரு சின்ன டப்பா ஓவல்டின் :-)

அடுத்து வந்ததுதான் 'பினாக்கா கீத்மாலா'. பேரு ஒரு டூத்பேஸ்ட்டோடது. எழுதணும், பேசணும், வர்ற கடிதத்தையும் பார்க்கணும், எல்லாத்துக்கும் சேர்த்து வாரம் 25 ரூபாய். அனுபவசாலிகள் யாரும் சீந்தலை. இவர் ஒத்துக்கிட்டார். 1952 டிசம்பர் 3 அன்னிக்கு முதல் ஒலிபரப்பு. இருபது வயசு முடிய அவருக்கு இன்னும் 18 நாள் பாக்கி.

ஏழு பாட்டை வரிசை கலைச்சுப் போடுவாங்க, நேயர்கள் சரியா அடுக்கி எழுதணும், பரிசு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம். போகப்போக வாரத்துக்கு 65,000-ஐத் தொட்டுச்சு. சமாளிக்க முடியாம 1954 கடைசியில போட்டியை விட்டுட்டு, வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்துற 'ஹிட் பரேடு' ஆக்கினாங்க.

இங்கதான் எனக்குள்ள இருக்கிற பொட்டி தட்டுறவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தர வரிசைக்கு அடிப்படை ரெக்கார்டு விற்பனை. அதை மட்டும் நம்பினா காசு இருக்கிறவன் கணக்கை வளைச்சிடலாம். அதனால ஊர் ஊரா இருந்த நேயர் மன்றங்களோட ஓட்டையும் சேர்த்துக்கிட்டாங்க. சிஸ்டத்தை ஏமாத்துறதும், அதுக்கு மாத்து கண்டுபிடிக்கிறதும் நேத்து வந்த சமாச்சாரம் இல்லைங்க.

அவரோட மொழிக்கும் ஒரு பின்னணி உண்டு. அம்மா குல்சும் சயானி, காந்தி சொல்லி, புதுசா எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவங்களுக்காக 'ரஹ்பர்'னு ஒரு பத்திரிகை நடத்தினாங்க. ஒரே எளிய இந்துஸ்தானி, ஆனா நாகரி, உருது, குஜராத்தினு மூணு எழுத்துல அச்சாகும். சின்ன வயசுல அமீனுக்கும் அதுல எடுபிடி வேலை. தெருவுல பேசுற பாஷைதான் பாஷைன்னு அங்க படிச்சதை மைக் முன்னாடி கொண்டுவந்தார். 'பெஹ்னோ அவுர் பாயியோ'ன்னு சகோதரிகளை முதல்ல கூப்பிட்டதும் அவரோட முத்திரை.

கடைசியில இறங்கி வந்தது அரசாங்கம்தான். 1957 அக்டோபர் 3 அன்னிக்கு, கேஸ்கர் அமைச்சரா இருக்கும்போதே, சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்து விவித பாரதி பிறந்துச்சு. கீத்மாலா 1989-ல் அங்கேயே குடிபோய் 1994 வரைக்கும் ஓடுச்சு. உச்சரிப்பு சரியில்லைன்னு அனுப்பின அதே வானொலி! 2009-ல் பத்மஸ்ரீ. 2024 பிப்ரவரி 20 அன்னிக்கு, 91 வயசுல மும்பையில காலமானார்.

நம்ம புதுச்சேரிக்கும் இதுல ஒரு சின்னத் தொடர்பு. முதல் கீத்மாலா ஒலிச்சப்போ இந்த ஊரு பிரெஞ்சுக்காரங்க கையில. இந்தியாவோட சேர இன்னும் ரெண்டு வருசம், 1954 நவம்பர் 1 வரைக்கும் காத்திருக்கணும். கடலூர் போகவே எல்லைச் சாவடி தாண்டணும். சிற்றலைக்கு அந்தச் சாவடியும் தெரியாது, கேஸ்கரோட விதியும் தெரியாது.

எது நல்ல ரசனை, எது நல்ல மொழின்னு மேல உட்கார்ந்து ஒருத்தர் முடிவு பண்ணலாம்தான். ஆனா கேட்கிறவன் ரேடியோ முள்ளைத் திருப்பிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். பேச்சுத்தமிழ் கலந்து எழுதுறதுக்காகத் திட்டு வாங்குற நம்ம எல்லாருக்கும் அமீன் சயானி தூரத்துச் சொந்தம்தான்.